கீழத்தெருவுக்கு வராத தண்ணீர்

மாநகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்குள்தான் இன்னொரு ஊர் இருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதன் கீழே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஓயாமல் இரைகிற ஒரு ஏ.சி. திரையில் ஊர் முழுவதும் தெரியும்: தெருக்கள், ஒவ்வொரு வீட்டின் கூரை உயரம், மண்ணுக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய்கள், மரங்கள், ஓடை, பாலங்கள். ஊரில் அங்கங்கே பொருத்திய கருவிகள் மழையளவையும் ஓடையின் நீர்மட்டத்தையும் வெயிலையும் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே என்ன நடக்கிறதோ அது திரைக்குள்ளும் நடக்கும். நாளைக்கு என்ன நடக்கலாம் என்பதையும் அதில் ஓட்டிப் பார்க்கலாம்.

அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் டிஜிட்டல் ட்வின். இரட்டைப் பிறவி என்றால் ஒருத்தி மூத்தவள், ஒருத்தி இளையவள் இருந்தாக வேண்டுமே என்று யாரோ சொல்லப்போக, வெளியே இருக்கும் ஊர் பெரியவள் ஆகிவிட்டது, திரைக்குள் இருப்பவள் சின்னவள் ஆகிவிட்டாள். "சின்னவ இன்னைக்கு என்ன சொல்றா?" என்றுதான் ஆணையரே கேட்பார்.

சின்னவளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளருக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கணவன் ஊர்க் கால்பந்து மைதானத்தின் பராமரிப்பாளன். பெற்றோர் வைத்த பெயரை ஊரே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவன் புல்லு. சின்னப் பையன்களுக்குப் புல்லு அண்ணன். தண்ணீர் எங்கே போகும் என்று மனைவி பகலெல்லாம் யோசிப்பாள், தண்ணீர் எங்கே வரவில்லை என்று கணவன் பகலெல்லாம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "உங்க ரெண்டு பேருக்கும் பேசிக்க வேற விஷயமே கிடையாதா?" என்று அவனுடைய அக்கா கேட்பதுண்டு.

அந்த வாரம் வானிலை மையத்திலிருந்து வந்த அறிக்கை அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. கடல் பக்கமிருந்து வரும் மேகக்கூட்டம் நகராமல் ஊருக்கு மேலேயே நின்றுவிடலாம் என்றது அது. அவள் அந்த மழையைச் சின்னவளின் தலையில் கொட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, சற்று வடக்கே தள்ளி, சற்றுத் தாமதமாக என்று விதவிதமாகக் கொட்டிப் பார்த்தாள். ஓடை வளைகிற இடத்தில் குறுகலான ஒரு பாலம் இருந்தது. தண்ணீர் அதில் முட்டி, திரும்பி, பக்கத்திலிருந்த கீழத்தெருவுக்குள் நுழைந்தது. பெரும்பாலான தடவை ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது.

கீழத்தெரு பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், அநேகமாக எல்லாம் தகரக் கூரை. அந்தத் தெருவின் நடுவில்தான் நாத்தனாரின் தையல் கடை.

அவள் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தாள். பம்புகளை வைத்துப் பார்த்தாள். மேல்பக்கத்து மதகை முன்கூட்டியே திறந்து பார்த்தாள். தண்ணீர் சற்றுத் தயங்கியதே தவிர நிற்கவில்லை. கடைசியில், செய்யக் கூடாத ஒன்றைச் செய்பவள் போல, ஓடைக் கரையை ஒட்டியிருந்த கால்பந்து மைதானத்தின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஓட்டினாள். வெள்ளம் அந்தத் திறப்பு வழியாக மைதானத்துக்குள் சாவகாசமாக இறங்கிப் பரவியது. கீழத்தெரு கிட்டத்தட்டக் காய்ந்து கிடந்தது.

உடனே சுவரைத் திரும்ப வைத்தாள். மற்ற வழிகளையெல்லாம் மறுபடி ஒரு முறை முயன்று பார்த்தாள். பக்கத்து மேஜையிலிருந்த வரைபடக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதான் விடை கிடைச்சிருச்சே மேடம், அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப?"

"வேற விடை கிடைக்குதான்னு பாக்குறேன்."

"அந்த மைதானம்..."

"ஆமா. எங்க வீட்டுக்காரரோடதுதான்."

வரைபடக்காரர் டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

ஆணையர் அதிகம் பேசுகிறவர் அல்ல. திரையின் முன் கைகட்டி நின்று இரண்டு காட்சிகளையும் பார்த்தார்: சுவர் இருக்கும் ஊர், சுவர் இல்லாத ஊர்.

"எவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"பத்துக்கு ஏழு தடவை கீழத்தெரு முழுகுது சார்."

"மீதி மூணு?"

"மீதி மூணுல நாம சும்மா ஒரு செவுத்த இடிச்சிட்டு அசடு வழிஞ்சுக்கிட்டு நிப்போம்."

"இந்த வாரக் கடைசியில அங்க இறுதிப் போட்டி இருக்கு, தெரியுமில்ல? எனக்கே பாஸ் குடுத்திருக்காங்க."

"தெரியும் சார். ரெண்டு மாசமா வீட்டுல அதே பேச்சுதான்."

ஆணையர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு இப்படி ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட யாருக்கும் கை கூசும். ஆனாலும், "அசடு வழிஞ்சா சேர்ந்தே வழிவோம். கீழத்தெரு ஆளுங்கள பள்ளிக்கூடத்துக்கு மாத்தவும் சொல்லிடறேன். ஆனா உத்தரவு போறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. ஆபீஸ் ஆள் போய்ச் சொன்னா நல்லாயிருக்காது" என்றார்.

அவள் போனபோது புல்லு வெறுங்காலுடன் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். புல்லைக் காலால்தான் படிக்க முடியும் என்பது அவன் கட்சி. செருப்போடு உள்ளே வந்த பழைய கவுன்சிலரையே வெளியே நிறுத்தியவன். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த இடம் சொறி பிடித்த மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாகக் கிடந்தது. இப்போது கோல் கம்பத்திலிருந்து கோல் கம்பம் வரைக்கும் ஒரே பச்சை. மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது.

அவள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நடந்து போனாள்.

"என்ன, வேலை நேரத்துல இந்தப் பக்கம்? லீவா?" என்றான் முகமெல்லாம் சிரிப்பாக.

"ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"அப்ப கோவப்படுற விஷயம்தான். சொல்லு."

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், பத்துக்கு ஏழு என்பது உட்பட. அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஏன், ஊர்ல வேற இடமே இல்லையா? என் மைதானம்தான் கிடைச்சுதா?"

"ஓடையை ஒட்டி இருக்கு. பெருசா இருக்கு. ஆளில்லாத இடமா இருக்கு."

"ஆளில்லாத இடமா? அப்ப நான் யாரு?"

அவன் குனிந்து, இல்லாத ஒரு களையைத் தேடுவது போலப் புல்லைத் தடவினான்.

"ஓடைத் தண்ணின்னா சேறு. சேறு படிஞ்சா மூச்சு முட்டிச் செத்துரும் இது. உனக்குத் தெரியாததில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்து சொல்ற."

"வேற யாராவது வந்து சொன்னா பரவாயில்லையா?"

அவன் புல்லிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தான். பிறகு, "எனக்கு அதக் காட்டு" என்றான்.

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் அலுவலகத்துக்கு வந்தார்கள். புல்லு அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. பெரிய திரையைப் பார்த்ததும் தன் மைதானத்தைத் தேடினான். கண்டுபிடித்ததும் முகம் கோணியது. "என்ன இது, பிளாஸ்டிக் பாய் மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க?" என்றான். வரைபடக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"செவுரு இருந்தா என்ன ஆகும்னு காட்டு."

ஓட்டினாள். திரையில் மழை பெய்தது. ஓடை தடித்தது, பாலத்தில் முட்டியது, கீழத்தெருவின் வாயில் நீலமாக ஒரு நாக்கு நீண்டது. அது வீடு வீடாக நுழைந்துகொண்டே போனது. நடுவிலிருந்த ஒரு கட்டடத்தின் மேல் அவன் விரலை வைத்தான்.

"இது அக்கா கடைதானே?"

"ஆமா."

நீலம் அந்தக் கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறி நின்றது. அவன் விரலை எடுக்கவில்லை.

"சரி, இடிச்சுக்குங்க," என்றான் கடைசியில். "ஆனா பொக்லைன் வண்டி ஓடைப் பக்கமா வரணும். புல்லு மேல ஏத்தினா டிரைவர இறக்கி அடிப்பேன்."

வெள்ளத்தில் மூழ்கப்போகிற புல்லின் மேல் வண்டி ஏறினால்தான் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

சுவரை விடவும் உறுதியாக நின்றவர் நாத்தனார். தையல் கடையின் பின்னால்தான் அவர் வீடு. கடை, சமையல், படுக்கை எல்லாம் அந்த இரண்டு அறைகளுக்குள்தான். ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவில் வந்து, எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி சொல்லிவிட்டுப் போயிற்று. அவர் மிஷினைக் காலால் மிதித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், புல்லுவோடு கடைக்கு வந்து நின்ற தம்பி மனைவியிடம் கேட்டார்.

"ஏம்மா, வெளிய போய் வானத்தப் பாரு. ஒரு பொட்டு மேகம் இருக்கா?"

"இன்னைக்கு இல்லக்கா. நாளன்னைக்கு."

"நாளன்னைக்கு மழைக்கு இன்னைக்கே குடையப் பிடிக்கச் சொல்றியா? உன் கம்ப்யூட்டர் நான் பள்ளிக்கூட யூனிபார்ம் தெச்சுக் குடுக்க வேண்டியதப் பத்தி ஏதாவது சொல்லிச்சா?"

"அக்கா, தண்ணி ஜன்னல் மட்டும் வரும்."

"பொறந்ததிலேர்ந்து இந்தத் தெருவுலதான் இருக்கேன். முழங்காலத் தாண்டினது கிடையாது."

"இதுவரைக்கும் பேஞ்ச மழை வேறக்கா. இப்ப வர்றது வேற."

"மழையில என்னடி வேற? மேலேர்ந்துதானே விழுது?"

வாதாடுவதில் நாத்தனாரை ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாருமில்லை. புல்லு வாதாடவே இல்லை. குனிந்து, தையல் மிஷினை மேஜையோடு சேர்த்துத் தூக்கினான். நரம்பு புடைக்க, வாசலைத் தாண்டி, வெளியே நின்ற சுமை வண்டியில் ஏற்றினான். பிறகு நிதானமாக வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"டேய்! டேய், எங்கடா எடுத்துட்டுப் போற?"

"எங்க வீட்டுக்கு."

"நூல் கோத்திருக்குடா!"

"வந்து நீயே கோத்துக்க."

நாத்தனார் திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார், திட்டிக்கொண்டே துணிக்கட்டுகளை எடுத்தார், திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் சில வீடுகளும் பூட்டப்பட்டன. தையல்காரம்மாவே போகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று தெரு முடிவு செய்தது.

மழை சொன்ன நாளில்தான் வந்தது. ஆனால் சொன்ன மாதிரி வரவில்லை. காலையில் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு, மதியத்துக்கு முன்பே சட்டென்று நின்றது. ஓடை கரைக்குள்ளேயே புரண்டு ஓடியது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. பொறியாளரின் மேஜைத் தொலைபேசி ஓயவில்லை. கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் இரண்டு தடவை கூப்பிட்டார். இறுதிப் போட்டியை நிறுத்தினீர்கள், சுவரை இடித்தீர்கள், இப்போது வெயில் அடிக்கிறது, உங்கள் சின்னவளிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். குரலில் அத்தனை மரியாதை. அந்த மரியாதைதான் அதிகமாக உறைத்தது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துக்கு மூன்று என்பது இதுதானோ என்று தோன்றியது. பிறகு மேல்பக்கத்து மழைமானிகள் ஒவ்வொன்றாக எகிற ஆரம்பித்தன. மேகக்கூட்டம் போய்விடவில்லை, கொஞ்சம் விலகி, மலைப்பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் வெயில் அடிக்கும்போதே அந்தத் தண்ணீர் முழுவதும் ஓடையில் இறங்கி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊருக்கு மேலேயும் மறுபடி இருட்டியது.

புல்லு மைதானத்தின் பார்வையாளர் படிகளில், பிளாஸ்டிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகாதே என்று அவள் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே. படிகளின் மேல்வரிசை பத்திரமான உயரம் என்பதால் அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கைபேசி அடித்தது.

"வந்துருச்சு," என்றான். பின்னால் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. "செவுத்து ஓட்டை வழியா வந்துருச்சு. பழுப்பா, நுரையோட. நடுக்கோட்டத் தாண்டிருச்சு."

"நீங்க மேல இருக்கீங்கல்ல?"

"மேலதான் இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒரு கோல் கம்பம் சாஞ்சிருச்சு. வலை மிதக்குது."

அவள் கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"கீழத்தெரு எப்படி இருக்கு, அதச் சொல்லு," என்றான் அவன்.

அவள் தெருமுனையிலிருந்த கருவியைப் பார்த்தாள். "கணுக்கால் அளவு. அதுக்கு மேல ஏறல."

"ஏறலையா?"

"ஏறலங்க. நின்னுடுச்சு."

"சரி," என்றான். "அப்ப குடிக்கட்டும். நல்லா வயிறு நிறையக் குடிக்கட்டும் என் மைதானம்."

தண்ணீர் வடிந்து, ஆட்கள் கீழத்தெருவுக்குத் திரும்பினார்கள். வாசலில் கொஞ்சம் சேறு, மூலையில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். துடைப்பமும் வாளியுமாக ஒரு காலை வேலை. மைதானமோ பார்க்கச் சகிக்கவில்லை. விரற்கடை ஆழத்துக்குச் சேறு படிந்து, வெடித்து, நடுவில் யாருடையதோ ஒரு நாற்காலி மல்லாந்து கிடந்தது. தெருவே போய்ப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு வந்தது.

நாத்தனார் தன் மிஷினைப் பழைய இடத்தில் வைத்து, எண்ணெய் விட்டு, நூலைக் கோத்தார். பிறகு தம்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கணுக்கால் தண்ணிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நான் அன்னைக்கே சொன்னேன், முழங்காலத் தாண்டாதுன்னு. பாவம், புள்ள மாதிரி வளத்தான் அந்தப் புல்ல."

"அக்கா, தண்ணி மைதானத்துக்குப் போனதாலதான் இங்க வரல."

"வராத தண்ணிக்கு என்னம்மா சாட்சி?"

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நாத்தனார் மட்டுமல்ல, கடைக்காரர், பால்காரர், பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லோரும் அதையேதான் வெவ்வேறு வாயால் கேட்டார்கள். ஏதாவது நடந்திருந்தால் காட்டலாம். ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதானே அவள் செய்த வேலை! அதை எதில் வைத்துக் காட்டுவது?

புல்லுவுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் புல் போனதற்கு வராத கோபம் அவனுக்கு இப்போது வந்தது. அடுத்த விடுமுறை நாளில் அக்காவைக் கையோடு அழைத்துக்கொண்டு மாநகராட்சி மேல்மாடிக்கு வந்து நின்றான். "சாட்சி கேட்டியே. இங்க உக்காரு," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "செவுத்த வை," என்றான் மனைவியிடம். "அன்னைக்கு உண்மையில பேஞ்ச மழையக் குடு."

அவளுக்கே அது தோன்றியிருக்கவில்லை. நடக்கப்போவதைப் பார்க்கத்தான் சின்னவளைப் பழக்கியிருந்தாள். நடக்காமல் போனதைப் பார்க்க யாருக்கு நேரம்? அன்றைக்குக் கருவிகளில் பதிவான மழையை அப்படியே எடுத்தாள். சுவரை இருந்த இடத்தில் நிறுத்தினாள். ஓட்டினாள்.

நாத்தனார் முதலில் வேடிக்கைதான் பார்த்தார். "அட, இது நம்ம தெரு! அந்தா தண்ணி டேங்க். என் கடைக் கதவு பச்சைம்மா, நீ ஏன் சாம்பலா போட்டிருக்க?" என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நீலம் தெருவுக்குள் நுழைந்தபோது பேச்சு குறைந்தது. வாசற்படி, முழங்கால், மேஜை, ஜன்னல் என்று அது ஏறியது. சின்னவள் முன்பு சொன்னதைவிடச் சற்று அதிகமாகவே ஏறி நின்றது.

"இது எவ்வளவு நேரத்துல ஏறுது?"

"ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள்ளக்கா."

நாத்தனார் எழுந்து திரையின் பக்கத்தில் போனார். தன் கடையைப் பார்க்கவில்லை. தெருவின் கோடியில், எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் இருந்த சின்ன வீட்டைப் பார்த்தார். அதன் கூரை விளிம்பு மட்டும்தான் நீலத்துக்கு மேலே தெரிந்தது.

"இது பஸ் கண்டக்டர் வீடு."

"ஆமாக்கா. கோடி வீடு."

"அவங்க போகல."

"என்னக்கா?"

"அவருக்கு ஒரு பக்கம் வராதே, பக்கவாதம். எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு அந்தம்மா வெளியப் பூட்டிக்கிட்டு, கொல்லைப் பக்கமா உள்ள வந்துருச்சு. ஊர்க்காரங்ககிட்ட போயிட்டோம்னு சொல்லிக்கிச்சு. நேத்துதான் எங்கிட்டயே சொல்லுச்சு, சிரிச்சுக்கிட்டே. அன்னைக்கு முழுக்க ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாங்க."

அந்த வீட்டின் நீளம், அகலம், கூரையின் உயரம் எல்லாம் பொறியாளருக்குத் தெரியும். உள்ளே ஒருவர் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தது தெரியாது. சின்னவளுக்கும் தெரியாது.

நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவன் மனைவியின் தோளில் கை வைத்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். "சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லக்கா."

"வா, சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம். அடுத்த தடவை வண்டி வரும்போது எந்த வீட்டுல யார் நடக்க முடியாதவங்கன்னு நான் சொல்றேன். மைக்குல கத்திட்டுப் போறதுக்குப் பேரு கூப்பிடுறதா?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. நாத்தனார் தெருத் தெருவாகத் தனக்குத் தெரிந்த பெண்களைப் பிடித்தார். ஒவ்வொரு தெருவுக்கும் ஒருத்தி. எந்த வீட்டில் யார் படுக்கையில், யார் நிறைமாதம், யாருக்குக் காது கேட்காது என்பதை அறிந்தவர்கள். எச்சரிக்கை வந்தால் மாநகராட்சி முதலில் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. ஆணையர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும்வரை நாத்தனார் அவருடைய அறையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

மைதானத்தை இனி வெள்ளம் வாங்கும் இடமாகவே அமைத்துவிடலாம் என்று தீர்மானம் ஆயிற்று. இடித்த இடத்தில் சுவருக்குப் பதில் ஒரு மதகு. தரையைச் சற்று ஆழமாக்கி, தண்ணீர் வடிய அடியில் சரளை. அந்த வேலை நடந்த மாதங்களில் புல்லு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும்போதும் ஒரே பேச்சுதான்: தண்ணீரில் சில நாள் மூழ்கினாலும் சாகாத புல் ஒன்று இருக்கிறதாம், இலை கொஞ்சம் முரடாம், ஆனால் வேர் ஆழமாம். விதைத்த அன்று மனைவியையும் அக்காவையும் வரிசையாக நிறுத்தி, கையில் விதையைக் கொடுத்து, "அள்ளிக் கொட்டக் கூடாது, உப்பு தூவுற மாதிரி தூவணும்" என்று பாடம் எடுத்தான். நாத்தனார் அள்ளித்தான் கொட்டினார். அந்த மூலையில் மட்டும் புல் அடர்த்தியாக வந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

கோடை நெருங்கியபோது சின்னவள் வேறொன்றைச் சொன்னாள். இந்த முறை தண்ணீர் இல்லை, வெயில். வழக்கத்தை மீறிய ஒரு வெப்ப அலை வரப்போகிறது. திரையில் ஊர் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் தெரிய, கீழத்தெரு மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது. மரம் இல்லை, காற்று புகாது, தகரக் கூரைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை உள்ளே துப்பும். மரம் நட்டால் நிழல் தர வருடங்கள் ஆகும். அவள் திரையில் தெருவின் குறுக்கே, கூரைக்குக் கூரை, வெள்ளைத் துணிகளைக் கட்டிப் பார்த்தாள். சிவப்பு ஆரஞ்சுக்கு இறங்கியது. கூரைகளுக்கும் வெள்ளையடித்துப் பார்த்தாள். இன்னும் இறங்கியது.

இந்தத் தடவை அவள் ஆணையரிடம் போவதற்கு முன் தையல் கடைக்குப் போனாள்.

"எவ்வளவு நீளம்?" என்றார் நாத்தனார், டேப்பை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு.

"தெரு முழுக்கக்கா."

"தெருவுக்கே சட்டை தெக்கச் சொல்றியா?" கொஞ்சம் யோசித்தார். "ஒரே துணியா வேண்டாம். காத்துல பிச்சுக்கும். முக்கோணமா வெட்டி, ஓரத்துல கயிறு வெச்சு மடிச்சுத் தெச்சா நிக்கும். இடைவெளி விட்டுக் கட்டினா சூடும் மேல போயிடும்."

"சின்னவளும் இடைவெளி விடத்தான் சொல்றா."

"அவளுக்கும் கொஞ்சம் அறிவு இருக்கு," என்று ஒத்துக்கொண்டார் நாத்தனார்.

தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வெட்டினார்கள், தைத்தார்கள். துணிகளைக் கட்டிய அன்று வெப்ப அலை தொடங்கிவிட்டிருந்தது. நண்பகலில் பெரிய சாலையில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பொறியாளர் கையில் வெப்பமானியோடு வந்தாள். கீழத்தெரு முக்கால்வாசி நிழலுக்குள் வந்திருந்தது. வெள்ளை முக்கோணங்கள் மேலே மெல்லப் புடைத்துத் தணிந்துகொண்டிருந்தன. கோடி வீட்டில் பஸ் கண்டக்டரின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். அவர் தெருவையே ஒரு பஸ் போலப் பாவித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி வாசலில் உட்கார்ந்து துணி ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காட்டுது?" என்று நாத்தனார் ஏணிக்குக் கீழே நின்றபடி கேட்டார்.

"சாலையைவிட நல்லாவே குறைவுக்கா. சின்னவ சொன்னதவிடவும் ஒரு டிகிரி குறைவு."

"அந்த ஒரு டிகிரி என் தையல்."

இதற்கு என்ன மறுப்பு சொல்ல முடியும்? துணியின் நெருக்கமாக இருக்கலாம், வீசிய காற்றாக இருக்கலாம். அதை அலுவலகத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். "உங்க தையல்தான்கா," என்றாள்.

அப்போது புல்லு தெருமுனையில் வந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வரும்போதே புகார்: "ஆணி வெச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு உள்ள இறங்கிட்டானுங்க. முளைச்சு நாலு மாசம்கூட ஆகல. கேட்டா, முரட்டுப் புல்லுதானே அண்ணே, தாங்கும்னு சொல்றானுங்க. தாங்கும்னா மிதிக்கணுமா?"

"அப்புறம் புலம்பு. மொதல்ல இதப் பிடி," என்று நாத்தனார் ஒரு கயிற்று நுனியை அவன் கையில் திணித்தார்.

அவன் பிடித்தான். மறுமுனையைப் பொறியாளர் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டு ஏணியில் ஏறினாள். "இழுங்க," என்றாள். அவன் இழுத்தான். "அவ்வளவு வேண்டாம், கோணுது!" என்று கீழேயிருந்து ஐந்தாறு குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. தளர்த்தினான். துணி விரிந்து, ஒரு தடவை படபடத்து, நேரானது. தெருவின் கடைசி வெயில் துண்டின் மேல் நிழல் விழுந்தது. பஸ் கண்டக்டர் ஜன்னலிலிருந்து, "ரைட், போலாம்!" என்றார்.